பொட்டு வைத்த பல்பு

என் காருக்கு ஒரு கண் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னால் மிளகு மூட்டை அடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. அதன் சுவரைப் பார்த்துத்தான் காரை நிறுத்துவேன். அன்றைக்கு மூடுபனி சீக்கிரமே இறங்கிவிட்டதால் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தேன். நிறுத்திவிட்டுப் பார்த்தால் சுவரில் வலது பக்கம் மட்டும் வெளிச்சம் வட்டமாக விழுந்திருக்கிறது. இடது பக்கம் ஒன்றுமே இல்லை.

இறங்கிப் போய் விளக்கின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன். டார்ச்சையும் டிவி ரிமோட்டையும் தட்டித் தட்டியே வழிக்குக் கொண்டுவந்த குடும்பம் எங்களுடையது. கார் அந்த வளர்ப்புக்கு மசியவில்லை. கை வலித்ததுதான் மிச்சம்.

வேறு யாராக இருந்தாலும் "சரி, பல்பு போச்சு, மாத்திக்கலாம்" என்று காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். எனக்கு அப்படி இல்லை. அந்த பல்போடு சேர்ந்து காரே கையை விட்டுப் போகும் நிலைமை.

அதைச் சொல்லிவிடுகிறேன். நான் இந்த மலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். என் கணவர் நாமக்கல்லில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒரு வாரம் நான் கீழே இறங்குவேன், மறுவாரம் அவர் பஸ்ஸில் மேலே ஏறுவார். இத்தனை வருஷ வாழ்க்கையில் என் பெயரில் நானே பார்த்து வாங்கிய முதல் பெரிய பொருள் இந்த செகண்ட் ஹேண்ட் கார். அதை வாங்கிய பிறகுதான் பஸ் போய்விடுமோ என்று ஓடாமல், யாரிடமும் "கொஞ்சம் எறக்கி உடறீங்களா" என்று கேட்காமல், நினைத்த நேரத்துக்குக் கிளம்பி நினைத்த நேரத்துக்கு வர முடிந்தது. அதில் உட்கார்ந்து கதவைச் சாத்தும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

கணவருக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நான் தனியாக ஓட்டிக்கொண்டு போவதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை என்பார். தூக்கம் வராதவர் விடுகிற குறட்டையை நான் கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம். போன மழையில் ஒரு வளைவில் இன்ஜின் சூடாகி வண்டி நின்றுபோனது. மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்த லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. "இன்னொரு தரம் ரிப்பேருன்னு வந்துச்சுன்னா வித்துப்புடறது" என்றார் அவர். "வித்துக்குங்க!" என்று நானும் கோபத்தில் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

அவர் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. ஒரு கல்யாணத்தில் தன் அண்ணியோடு ஏதோ மனஸ்தாபம், "இனி உங்க ஊட்டுல காப்பி குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மனஸ்தாபம் என்ன என்று இருவருக்குமே இப்போது ஞாபகம் இல்லை. இன்னமும் அங்கே போனால் மோர்தான் குடிக்கிறார். அப்படிப்பட்டவர் சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் மேலே வருகிறார். வந்ததும் காரை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார்.

போதாக்குறைக்கு அந்த வாரம் முழுவதும் தினமும் போன் செய்து, "வண்டி எப்படி ஓடுது? எல்லாஞ் செரியா இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாதாரணமாக நான் எப்படி இருக்கிறேன் என்றுகூடக் கேட்க மறப்பவர். "குதிரையாட்டம் ஓடுதுங்க" என்றேன் ஒவ்வொரு நாளும். "இருட்டறதுக்குள்ள ஊடு போய்ச் சேந்துரு" என்று வேறு சொல்வார். குற்றம் கண்டுபிடிக்கக் காத்திருக்கிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரைக் கீழே மெக்கானிக்கிடம் கொண்டுபோக வழியில்லை. ஒற்றை விளக்கோடு மூடுபனியில் இறங்க எனக்கே துணிச்சல் இல்லை. மலையில் இருக்கும் மெக்கானிக் பைக்குக்கு மட்டும்தான் கை வைப்பார். ஆகவே நானே மாற்றுவது என்று முடிவெடுத்தேன். எத்தனையோ பேருக்கு எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று பிரித்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு பல்பைக் கழற்றி மாட்டத் தெரியாதா?

இங்கே எல்லாச் சாமானும் பஸ்ஸில்தான் ஏறிவரும். கடைக்குப் போன் செய்தால் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள், நாம் பஸ் நிற்கும் இடத்தில் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரைப் பிடித்தேன். "ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணும் பின்னாடியே போயிருமுங்க. ஜோடியா மாத்திப்போடுங்க" என்றார் அவர். எனக்கு அதெல்லாம் வியாபாரம் என்று பட்டது. இடது காது வலிக்கிறது என்று வருகிறவருக்கு நான் வலது காதுக்கும் சொட்டு மருந்து கொடுப்பதில்லை. ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன்.

பல்பு சனிக்கிழமை காலையில் முதல் பஸ்ஸிலேயே வந்தது. நான் அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் அங்கே மட்டும்தான் வீடியோ ஓடுகிற அளவுக்கு சிக்னல் கிடைக்கும். போனில் ஒரு பையன் சிரித்த முகமாக ஐந்து நிமிஷத்தில் பல்பு மாற்றிக் காட்டினான். அவனுடைய காரில் ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. மூன்று முள் கனெக்டரை இழு, ரப்பர் மூடியைக் கழற்று, கம்பி கிளிப்பை அமுக்கித் தள்ளு, பழசை எடு, புதுசை வை. பரீட்சைக்குப் படிப்பதுபோல முணுமுணுத்து மனப்பாடம் செய்தேன். கடைசியில் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னான். புது பல்பின் கண்ணாடியைக் கையால் தொடவே கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடம் அதிகமாகச் சூடேறி பல்பு வெடித்துவிடுமாம்.

இது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தொடாதே என்று சொல்வதுதானே என் தொழில். வீட்டில் பெட்டியிலிருந்து ரப்பர் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆபரேஷனுக்குப் போகிற தோரணையில் வாசலுக்கு வந்தேன்.

வாசலில் என் வீட்டுக்காரம்மா, அதாவது எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், ஒரு பித்தளைத் தட்டோடு நின்றிருந்தார். மிளகும் மரவள்ளியும் போட்டிருக்கும் குடும்பம். மாத்திரை கொடுக்கிற எவரும் அவருக்கு டாக்டர்தான், ஆகவே நான் டாக்டரம்மா. பஸ்ஸிலிருந்து பல்பை வாங்கி வந்ததும் அவர்தான். தட்டின் நடுவில், அட்டைப் பெட்டியை விட்டு வெளியே எடுத்து நிறுத்திவைத்த பல்பு. அதன் கண்ணாடியின் நெற்றியில், நெற்றி என்று ஒன்று இருந்தால் அங்கே, வட்டமாக, பெரிசாக, சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு.

"புதுச் சாமானாச்சேங்க. பொட்டு வெக்காம எப்படி மாட்டறது?" என்றார். புது அரிவாளானாலும் மிக்ஸியானாலும் அந்த வீட்டில் பொட்டு வைத்து, விளக்கு முன்னால் காட்டிவிட்டுத்தான் உபயோகிப்பார்கள். எனக்கு அது தெரியும். பல்பு என் நினைவுக்கு வரவில்லை. "தண்ணியில கொழச்சா கண்ணாடியில ஒட்ட மாட்டீங்குதுங்க. அதான் வெளக்கெண்ணெயில நல்லாக் கொழச்சு வெச்சேன். இனி எங்கீமே போவாது" என்றார் பெருமையாக.

விரல் பிசுக்குக்கே வெடிக்கும் பல்பு. அதன் மேல் விளக்கெண்ணெய்.

உள்ளே போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து வந்தேன். பஞ்சை நனைத்து பல்பின் பக்கம் கொண்டுபோனதுதான் தாமதம், அந்த அம்மாள் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போய்விட்டார்.

"ஐயோ சாமி! வெச்ச பொட்ட அழிப்பாங்களா? அதுவும் உங்கூட்டுக்காரரு மல ஏறி வந்துட்டிருக்கற நேரத்துல!"

நான் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. நம்பாதவள் என்பதை நான் பலபேரிடம் சத்தமாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்த நேரம் பஸ் எந்த வளைவில் ஏறிக்கொண்டிருக்கும் என்று மனசு ஒரு கணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பஞ்சைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"இது வெடிச்சிருமுங்க" என்றேன்.

"பொட்டு வெச்சா வெடிக்குமா? எங்கூட்டு மோட்டாருக்கு வெச்சேன், வெடிச்சுதா?"

மோட்டாருக்கும் ஹாலஜன் பல்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு முதலில் சொன்னதையே சொன்னார். பிறகு இருவரும் பேரம் பேசினோம். கடைசியில் ஏற்பட்ட உடன்பாடு இதுதான்: பொட்டை அழிக்கக் கூடாது, வேறு இடத்துக்கு மாற்றலாம். ஆனால் முதலில் புது இடத்தில் வைத்துவிட்டு, அதன் பிறகே பழைய இடத்தில் துடைக்க வேண்டும். நடுவில் ஒரு நொடிகூடப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. அதன்படி ஹெட்லைட்டின் வெளிக் கண்ணாடி ஓரத்தில், வெளிச்சத்தை மறைக்காமல் ஒரு பொட்டு வைத்தார். "ம், இப்பத் தொடைங்க" என்று உத்தரவு கொடுத்தார். நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு இன்னொரு தடவையும் துடைத்தேன்.

பானெட்டைத் திறந்தபோதுதான் வீடியோப் பையனின் சிரிப்புக்கு அர்த்தம் புரிந்தது. என் காரில் இடது விளக்குக்குப் பின்னால் பேட்டரி முட்டிக்கொண்டு நிற்கிறது. உள்ளங்கையை ஒடுக்கி நுழைத்தால்தான் கை போகும். வளையல் இடித்தது. கழற்றலாம் என்று கையுறையைக் கொஞ்சம் கீழே தள்ளினேன்.

"வளையலயா கழட்டறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அவரு வர்ற நேரத்துல?"

கழற்றவில்லை. அப்படியே நுழைத்தேன்.

பார்வைக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் விரலால் தடவித்தான். கனெக்டர் வரவே மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டு, நான் திட்டியதும் வந்தது. ரப்பர் மூடி வந்தது. கம்பி கிளிப் அமுக்கியதும் விலகியது. பழைய பல்பு உள்ளே கருகிப் போயிருந்தது. புதுசை நுழைத்தேன், உட்காரவில்லை. திருப்பினேன், உட்காரவில்லை. அதன் அடியில் இருக்கும் மூன்று காதுகளும் ஒரே ஒரு விதமாகத்தான் பொருந்தும் என்று அந்தப் பையன் சொன்னது தாமதமாக ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் டக்கென்று போய் உட்கார்ந்தது. கிளிப்பை மாட்டி, மூடியை அமுக்கி, கனெக்டரைச் செருகினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அரசு வேலைக்கு ஆர்டர் வந்த அன்றைக்குக்கூட நான் இவ்வளவு பூரிக்கவில்லை.

அந்தப் பூரிப்போடு கையை வெளியே இழுத்தேன். வரவில்லை.

வளையல் பேட்டரிக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், முறுக்கினேன், கெஞ்சினேன். முழங்கை வரை காருக்குள் விட்டுக்கொண்டு பானெட்டின் கீழே நான் குனிந்து நின்றபோது, "என்ன பண்ணிட்டிருக்கே?" என்று ஒரு குரல் கேட்டது.

மத்தியான பஸ்ஸுக்கு வரவேண்டியவர் அதற்கு முந்தின பஸ்ஸிலேயே வந்துவிட்டார். தோளில் பை. முகம் வெளுத்திருந்தது. வளைவுகளில் வயிற்றைப் புரட்டாமல் இருக்க வழிநெடுக மோந்துகொண்டு வரும் எலுமிச்சம்பழம் இன்னும் மூக்கிலேயே இருந்தது.

என் கார் போச்சு என்று நினைத்தேன். ஒரு பொய்யைத் தேடுவதற்குள் வீட்டுக்காரம்மா முந்திக்கொண்டார்.

"வாங்க வாங்க. வண்டிக்குப் பூச போட்டுட்டிருக்கறமுங்க."

அவர் ஹெட்லைட்டில் இருந்த பொட்டைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "பூசைக்குக் கைய எதுக்கு உள்ள உட்டிருக்கறா?"

"உள்ளுக்கும் ஒரு பொட்டு வெக்கோணுமில்லீங்க?"

கண்கூட இமைக்காமல் சொன்னார். என் கணவருக்கு சாமி விஷயத்தில் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்துக்கு அடியில் பக்தியோடு வைத்தார். வீட்டுக்காரம்மா பொட்டுக் குழைத்து மிச்சமிருந்த விளக்கெண்ணெயை என் மணிக்கட்டில் ஊற்ற, கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காலையிலிருந்து அந்த எண்ணெய் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

"எங்க, லைட்டப் போடு பாக்கலாம்" என்றார் அவர்.

பூசை போட்டவளிடம் எதற்கு லைட்டைப் போடச் சொல்கிறார் என்று திக்கென்றது. உட்கார்ந்து சுவிட்சைத் திருகினேன். நிழலாயிருந்த கொட்டகைச் சுவரில் இரண்டு வட்டமும் விழுந்தன. இடது பளிச்சென்று வெள்ளையாக, வலது பழுத்த இலை நிறத்தில். ஒன்று புதுசு என்று குருடன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பையைத் திறந்து, வேட்டி மடிப்புக்குள் கையை விட்டு, வாழை இலையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

உள்ளே விபூதி, கொஞ்சம் துளசி, ஒரு பல்பு. அதன் கண்ணாடியிலும் குங்குமம்.

"கோயில்ல சாமி காலடியில வெச்சு வாங்கிட்டு வந்தேன்" என்றார் என்னைப் பார்க்காமல். "திங்கக்கெழம வெடியக்காலம் நீ கெளம்பறப்பவே பாத்தேன். எதுத்த ஊட்டுச் செவுத்துல ஒரு பக்கந்தான் வெளிச்சம் உழுந்துச்சு. கூப்புடலாமுன்னு ஓடியாறதுக்குள்ள திரும்பிப் போயிட்டே."

"போன்ல சொல்றதுக்கென்னங்க?"

"சொன்னா ரிப்பேருன்னு ஆயிருமே. அப்பறம் வித்துத்தான ஆவோணும்? சொன்ன சொல்ல மாத்த முடியுமா?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். "நீ மத்தியானம் படுத்துத் தூங்கறப்ப மாட்டிப்புடலாமுன்னு நெனச்சேன்."

பானெட் எங்கே திறக்கும் என்றே தெரியாத மனிதர். தினமும் போன் செய்து கேட்டதெல்லாம், இருட்டுக்கு முன்னால் வீடு போகச் சொன்னதெல்லாம் அந்த ஒற்றை விளக்குக்காகத்தான். நான்தான் வாரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு குதிரை குதிரை என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கலாம் என்றால் கையெல்லாம் விளக்கெண்ணெய்.

"அப்ப இப்ப என்னங்க பண்றது? வண்டி?" என்றேன்.

அவர் சுவரில் இரண்டு வட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பல்பு போறதெல்லாம் ரிப்பேருல சேராது. அது செருப்பு வாரு அந்து போறாப்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லை மாற்றவில்லை, அதற்கு எல்லைக்கோடு போட்டுவிட்டார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அவர் கொண்டுவந்த பல்பை வலது பக்கம் மாட்டுவது என்று முடிவாயிற்று. கடைசியில் கடைக்காரர் சொன்ன ஜோடி சேர்ந்துவிட்டது. நான் கையைக் கழுவிவிட்டுப் பஞ்சை எடுத்ததும் "மொதல்ல வெளிய பொட்டு!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வலது ஹெட்லைட்டுக்கும் ஓரத்தில் பொட்டு வைத்த பிறகுதான் துடைக்க அனுமதி கிடைத்தது. அந்தப் பக்கம் பேட்டரி இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது. எண்ணெய் படாத புதுக் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு அவரே உள்ளே கையை விட்டு, மூன்று காதையும், வீடியோப் பையன் காட்டியதை நான் சொல்லச் சொல்லத் திருப்பி உட்கார வைத்தார். விளக்கு எரிந்ததும் பஸ் ஏறி வந்த களைப்பெல்லாம் அவர் முகத்தில் காணவில்லை.

மறுநாள் கிளம்பும்போது, "கீழ காளப்பநாயக்கன்பட்டி வரைக்கும் கொண்டாந்து உட்ரு" என்றார். அந்தக் காரில் அவர் மலை இறங்கியதே இல்லை. சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு புறப்பட்டோம். பாதி மலைக்கு மூடுபனி. இரண்டு விளக்கும் எரிய, நான் ஹாரன் அடித்து அடித்து மெதுவாக இறக்கினேன். அவர் புது எலுமிச்சம்பழம் ஒன்றை மூக்கில் வைத்துக்கொண்டு, முதல் வளைவில் மூடிய கண்ணைக் கடைசி வளைவு தாண்டித்தான் திறந்தார். "நல்லாத்தான் ஓட்டறே" என்றார். எதைப் பார்த்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் மேலே வந்து சேர்ந்ததும் போன் வந்தது. "வண்டி எப்படி ஓடுது?"

குதிரை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "வைப்பரு ஒண்ணு பாதியிலயே நின்னுக்குதுங்க" என்றேன்.

"வைப்பரும் ரிப்பேருல சேராது" என்றார். "வைப்பரு மாட்டறதுக்கும் அந்தப் பையன் வீடியோ போட்டிருந்தா எனக்கு அனுப்பி உடு. வர்ற வாரம் நீ எறங்கி வர்றதுக்குள்ள வாங்கி வெக்கறேன்."